வீட்டு அடுப்புல ப்ளோயர் வச்சா உலை ஆயிடுமா?

கேள்வி, ஜனவரி 6

வீட்டு அடுப்பு, கொல்லன் உலை, ஸ்டீல் ப்ளான்ட் பர்னஸ் எல்லாம் அடிப்படைல ஒண்ணுதான்னு நெனைக்கிறேன். நெருப்பு, காத்து, அவ்ளோதான். எங்க வீட்டு பின்னாடி பாட்டி காலத்து மண் அடுப்பு சும்மா கெடக்கு. ஹேர் ட்ரையரோ சின்ன ப்ளோயரோ வச்சா அதுலயே இரும்பு உருக்கி கத்தி பண்ணிடலாம்ல? நம்ம முன்னோர் அப்படித்தான பண்ணாங்க? யாராச்சும் ட்ரை பண்ணிருக்கீங்களா?

ஜனவரி 6, ராத்திரி

ரெண்டு வேலைய ஒண்ணா கலக்குற தம்பி. கத்தி பண்ண இரும்ப உருக்கவே வேண்டாம். பழுக்க வச்சு அடிக்கிறது வேற, தண்ணியா உருக்கி ஊத்துறது வேற. மொதலாவதுக்கு உன் அடுப்பு கிட்டத்தட்ட போதும். ரெண்டாவதுக்கு போதாது, இரும்பு உருக 1538 டிகிரி வேணும். இப்பதான் ஷிப்ட் முடிஞ்சு வந்தேன், மிச்சம் நாளைக்கு.

ஜனவரி 7

நான் கோயம்புத்தூர் பக்கம் ஒரு சின்ன பவுண்டரில மெல்ட்டிங் சைடுல வேலை பாக்குறேன், பம்ப் பாடி மோட்டார் பாடி ஊத்துற எடம். அதனால சொல்றத அந்த கண்ணோட எடுத்துக்கோங்க.

"எல்லாம் ஒண்ணுதான்"ங்கறது பாதி சரி. மீதி பாதிதான் முக்கியம். எல்லாரும் சூட்டுலயே வித்தியாசத்த தேடுறாங்க, என்னை கேட்டா வித்தியாசம் வெளிய போற புகைல இருக்கு. சமையல் அடுப்புல விறகு முழுசா எரிஞ்சு முடிஞ்சாதான் நல்ல அடுப்பு, அரைகுறையா எரிஞ்ச வாயு வெளிய வந்தா வீண், கூட வர்ற புகைல கண்ணு எரியும், நெஞ்சு அடைக்கும். தாதுக்கல்லுல இருந்து இரும்பு எடுக்குற உலைல நேர் எதிர். அங்க அரைகுறையா எரிஞ்ச அந்த கார்பன் மோனாக்சைடுதான் வேலைக்காரன். அது தாதுல இருக்குற ஆக்சிஜன புடுங்கிட்டு போகும், இரும்பு மிஞ்சும். நெருப்பு சும்மா அந்த வாயுவுக்கு சூடு குடுத்துட்டு இருக்கு.

இது எப்படி உண்டாகுதுன்னா, காத்து உள்ள நுழையுற மூக்கு கிட்ட கரி நல்லா எரிஞ்சு கார்பன் டை ஆக்சைடு ஆகும், அங்கதான் சூடு உச்சம், அந்த வாயு மேல ஏறும்போது இன்னும் பழுத்த கரிக்கு நடுவுல புகுந்து போகணும், போறப்ப இன்னொரு கரிய சேத்துக்கிட்டு மோனாக்சைடா மாறிடும். மேல போதுமான உயரத்துக்கு கரி இருந்தாதான் இது நடக்கும். உன் மண் அடுப்புல மூக்குக்கு மேல நாலு விரக்கடை நெருப்பு, அதுக்கு மேல பாத்திரம். ப்ளோயர் வச்சா சூடு ஏறும், ஆனா உள்ள மிஞ்சுன ஆக்சிஜன் சுத்திட்டே இருக்கும். இரும்ப வச்சா தின்னுடும்.

ஜனவரி 7, கொஞ்ச நேரம் கழிச்சு

அந்த வாயுவ கண்ணால பாக்கணும்னா குமிட்டி அடுப்புல கரிய நெறைய போட்டு பத்த வச்சு பாருங்க. மேல கரிக்கு நடுவுல சின்ன சின்னதா நீல ஜ்வாலை ஆடும். மோனாக்சைடு வெளிக்காத்துல கலந்து எரியுறது அதான். இரும்பு உலை உச்சிலயும் அதே நீலம்தான் எரியும். வெளிய திறந்த எடத்துல செய்ங்க. ஊட்டி கொடைக்கானல்ல குளிருதுன்னு கரி அடுப்ப ரூமுக்குள்ள வச்சு கதவ சாத்திட்டு தூங்கி, காலைல எந்திரிக்காத டூரிஸ்ட் செய்தி எத்தன படிச்சிருப்போம். அதே வாயுதான். மணம் கெடையாது, நெறம் கெடையாது, கண்ணும் எரியாது. புகை இல்லாத கரி பாதுகாப்புன்னு நம்புறதுதான் ஆபத்து.

ஜனவரி 9

"ப்ளோயர் ஸ்பீட கூட்டிட்டே போனா என்ன"ன்னு மதுரைக்கார நண்பர் கேக்குறாரு.

எங்க ஊர்ல ஆசாரி பட்டறைல ஸ்கூல் லீவுல போய் ப்ளோயர் சக்கரம் சுத்துறது எங்களுக்கெல்லாம் ஒரு பெருமை. பெரிய துருத்தி அதுக்கு முன்னாடியே பரண் ஏறிடுச்சு, கைல சுத்துற இரும்பு ப்ளோயர்தான். நாங்க வேகமா சுத்துனா பாராட்டுவாருன்னு நெனச்சு வெறியா சுத்துவோம், அவரு திட்டுவாரு. "மெதுவா சுத்துடா, அருவாள வேக வச்சிருவ"ம்பாரு. இரும்பு எப்படிடா வேகும்னு அப்ப சிரிச்சோம். மூக்குக்கு நேரா வச்சு ஓவரா ஊதினா இரும்பு மேல செதில் செதிலா ஆக்சைடு கட்டி உதிரும், இன்னும் போனா பொறி பறந்து ஓரமே கரைஞ்சிடும். அதுக்கு பொறவு எவ்ளோ அடிச்சாலும் சரியாகாது, அந்த துண்ட வெட்டி எறியணும்.

அவரு செஞ்சது என்னன்னா, உலைக்குழில கரிய குவிச்சு, இரும்ப மூக்குக்கு மேல நடு குவியல்ல சொருகி, மேலயும் கரிய தள்ளி மூடிடுவாரு. அப்பப்ப ஓரத்துல தண்ணி தெளிப்பாரு, நெருப்பு பரவாம நடுவுலயே நிக்க. கெமிஸ்ட்ரி படிக்கல. கண்ணு, காது, அனுபவம். பட்டறைக்குள்ள எப்பவும் இருட்டா வச்சிருப்பாரு, நாங்க கஞ்சத்தனம்னு நெனச்சோம். வெளிச்சத்துல இரும்போட நெறம் தெரியாதுங்கறதுதான் விஷயம். மங்கின செவப்பு 700க்கு கீழ, நல்ல செவப்பு 800 பக்கம், ஆரஞ்சு 950, மஞ்சள் 1100. வெயில்ல பாத்தா எல்லாமே ஒரே சாம்பல்.

தம்பி, 6ஆம் தேதி "கிட்டத்தட்ட போதும்"னு சொன்னதுல அந்த "கிட்டத்தட்ட"க்கு அர்த்தம் இதான். குழி ஆழமா இருக்கணும், விறகு இல்ல கரி வேணும்.

ஜனவரி 10

முன்னோர் விஷயம். இத சொன்னா சில பேர் கோவிச்சுக்கறாங்க, ஆனா உண்மை இன்னும் சுவாரஸ்யம்.

பழைய உலைல இரும்ப அவங்க உருக்கவே இல்ல. 1100, 1200 டிகிரில தாதுல இருக்குற இரும்பு திடமாவே பிரிஞ்சு வரும், மண்ணு கல்லு எல்லாம் சிட்டமா, அதாவது ஸ்லாக்னு சொல்ற கசடா, உருகி வழியும். அடில கெடைக்கிறது ஓட்டையும் சிட்டமும் கலந்த ஒரு கட்டி. அத சூடு ஆறாம எடுத்து அடிச்சு அடிச்சு சிட்டத்த பிதுக்கி வெளிய தள்ளணும். அப்பதான் கம்பியாவோ பட்டையாவோ ஆகும். பாதி வேலை உலைல, பாதி வேலை சம்மட்டில.

உருக்குனது அதுக்கு அடுத்த கட்டத்துல, உருக்கு, அதாவது ஸ்டீல் பண்ணும்போது. மேல சொன்ன இரும்பு துண்ட மண் மூசைக்குள்ள (உருக்குற மண் கிண்ணம்) போட்டு, கூட ஆவாரம் விறகு துண்டும் எருக்கு இலையும் வச்சு, வாய மண்ணால அடைச்சு, கரி நெருப்புல மணிக்கணக்கா ஊதுறது. சேலம் பக்கம் இத 1800களோட ஆரம்பத்துல பாத்த வெள்ளக்காரங்க எழுதி வச்சிருக்காங்க. மூசை மூடி இருக்கறதால வெளிக்காத்து பாதிக்காது, இலையும் விறகும் கரியாகி கார்பன் இரும்புக்குள்ள போகும், கார்பன் ஒன்றரை சதவீதம் கிட்ட போனா உருகுற சூடே 1400 பக்கம் எறங்கிடும். 1538ஐ எட்டாமலே உருக்குனது இந்த வழில. மூசை மண்ணுலயே உமிய கலந்திருக்காங்க. உமி கருகி கரியாகி மூசை சுவருக்குள்ளயே தங்கும், அந்த சூட்டுக்கு சுவர் தாங்கும்.

பழைய தென்னாற்காடு மாவட்டத்து மேல்சிறுவளூர்ல இந்த மாதிரி மூசை ஓடுங்க கெடைச்சத 1990கள்ல சாரதா சீனிவாசன் ஆராய்ச்சி பண்ணி எழுதினாங்க. ஈரோடு மாவட்டம் சென்னிமலை பக்கம் நொய்யல் கரைல கொடுமணல் அகழாய்வுலயும் உலை அடையாளமும் மூசையும் வந்திருக்கு. ஒரு தடவ கொடுமணல் போனேன், தரைல பாத்தா மணி செய்ற கல்லு சில்லு, சிட்டம். வழிகாட்ட வந்த பெரியவருக்கு அதெல்லாம் புதுசு இல்ல, எனக்குதான் பவுண்டரி ஸ்லாக்க இங்க யாரு கொட்டினாங்கன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு.

ஜனவரி 11

"நம்ம ஆளுங்க 2000 டிகிரி போனாங்க"ன்னு போஸ்ட் போட்டவருக்கு: 2000 போயிருந்தா உலையே உருகி ஓடிருக்கும் சார். மண் சுவர் 1400 தாங்குனதே பெரிய சாதனை, அதுக்கு பெருமைப்படுவோம்.

ஜனவரி 15

பொங்கல் முடிஞ்சுது. நேத்து வாசல்ல மூணு செங்கல்லு வச்சு பொங்கல் வச்சோம். காத்து மாறி மாறி அடிச்சு பால் பொங்கவே இல்ல, கடைசில தங்கச்சி வீட்டுக்காரர் ஒரு அட்டைய புடிச்சு ஒரு பக்கம் மறைச்சாரு, அப்புறம்தான் பொங்குச்சு. அந்த நேரத்துலயும் நான் ட்யூயர் (உலைக்குள்ள காத்து நுழையுற மூக்கு) பத்தி விளக்கம் குடுத்துட்டு இருந்தேன்னு வீட்ல ஒரே கிண்டல்.

இழைல ஒருத்தர் கேட்டிருந்தாரு, அடுப்புக்கு வீட்ல இவ்ளோ மரியாதை எதுக்குன்னு. புது வீட்டுக்கு போனா மொதல்ல பால் காய்ச்சுறோம், கட்டில் பீரோ எல்லாம் அப்புறம். சாவு வீட்ல அடுப்பு பத்த வைக்க மாட்டாங்க, சம்பந்தி வீட்ல இருந்து சாப்பாடு வரும். அண்ணன் தம்பி பிரிஞ்சா பாகப்பிரிவினை பத்திரம் எழுத வருஷமாகும், ஆனா அடுப்பு ரெண்டான அன்னிக்கே ஊரு ரெண்டு குடும்பம்னு கணக்கு வச்சிடும். ரேஷன் கார்டு கணக்கும் அப்படித்தான், ஒரே கூரைக்குள்ள இருந்தாலும் தனி சமையல் இருந்தா தனி கார்டு கேப்பாங்க.

பவுண்டரிலயும் உலைக்கு புது லைனிங் (சூடு தாங்குற உள்பூச்சு) போட்டா கற்பூரம் காட்டாம பத்த வைக்க மாட்டோம். நான் பெருசா சாமி கும்புடுற ஆளு இல்ல, ஆனா அந்த பூஜைய யாராச்சும் விட்டுட்டா என் கை நடுங்கும்.

ஜனவரி 16

எங்க அம்மாயி ராத்திரி சமையல் முடிஞ்சதும் தணல ஒண்ணா கூட்டி சாம்பல் போட்டு மூடிடுவாங்க. காலைல கிளறினா உள்ள செவப்பா கெடக்கும், ரெண்டு சுள்ளியும் வரட்டி துண்டும் வச்சு ஊதாங்குழல்ல ஊதினா பத்திக்கும். தீப்பெட்டி மிச்சம். அக்கம்பக்கத்துல யாருக்காச்சும் அணைஞ்சு போனா கொட்டாங்கச்சி எடுத்துட்டு நெருப்பு வாங்க வருவாங்க. செவ்வாய் வெள்ளி வெளக்கு வச்சப்புறம் குடுக்க மாட்டாங்க, அந்த சண்டையே ஒரு தனி கதை.

சாம்பல் காத்த முழுசா அடைக்காது, மூச்சு விடுற அளவு விடும். பவுண்டரில நாங்க குப்போலாவ (இரும்பு உருக்குற உயரமான உலை) கொஞ்ச நேரம் ஓட்டாம நிறுத்தி வைக்கும்போது ப்ளாஸ்ட்ட, அதாவது ஊதுற காத்த, நிறுத்தி ட்யூயர் மூடிய திறந்து வைப்போம், இல்லன்னா உள்ள இருக்குற வாயு ப்ளாஸ்ட் பைப்புக்குள்ள போய் மறுபடி ஆன் பண்ணும்போது வெடிக்கும். மூடணுமா திறக்கணுமான்னு எடத்துக்கு எடம் மாறும்.

ஜனவரி 18

சேலம் நண்பர் நல்ல கேள்வியா புடிச்சிருக்காரு: "அப்போ ஓபன் ஹார்த் பர்னஸ்? அதுல ஆக்சிஜன் அதிகமா வேணும்னு படிச்சேனே, உங்க தியரி உதைக்குதே?"

உதைக்கல, ஆனா எல்லைய தெளிவா போட்டுக்கணும். நான் சொன்னது தாதுவ இரும்பாக்குற கட்டம். அங்க வர்ற இரும்புல கார்பன் நாலு சதவீதம் கிட்ட இருக்கும், அத ஸ்டீல் ஆக்கணும்னா கார்பன எரிச்சு வெளிய தள்ளணும். அதனால அடுத்த உலைல தலைகீழ், மிஞ்சுன ஆக்சிஜன்தான் வேலைக்காரன். ஓபன் ஹார்த்துல உருகின இரும்பு ஆழமில்லாம அகலமா பரவி கெடக்கும், மேல ஜ்வாலை ஓடும், வெளிய போற புகையோட சூட்ட செங்கல் அடுக்குல சேத்து வச்சு அடுத்து உள்ள வர்ற காத்துக்கு குடுப்பாங்க. சீமென்ஸ் கண்டுபிடிச்ச அந்த ஏற்பாட்டுலதான் 1865ல பிரான்ஸ்ல மார்ட்டின் ஸ்டீல் எடுத்தாரு. ஜாம்ஷெட்பூர்ல 1912ல வந்த மொத ஸ்டீலும் ஓபன் ஹார்த்துதான். ஒரு ஹீட், அதாவது ஒரு தடவ போட்டு ஸ்டீலா எடுக்குறது, முடிய எட்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். 1952ல ஆஸ்திரியால லின்ஸ்ல சுத்தமான ஆக்சிஜன மேலருந்து ஊதி முக்கா மணி நேரத்துல முடிச்சாங்க, அப்புறம் ஓபன் ஹார்த்துக்கு எங்க மவுசு.

ஜனவரி 19

யாரும் கேக்காத விஷயம், ஆனா சொல்லியே ஆகணும். ப்ளாஸ்ட் பர்னஸ்லயும் (தாதுவ இரும்பாக்குற பெரிய உலை) சரி எங்க குப்போலாலயும் சரி, அடித்தளம்னு (இங்கிலீஷ்ல ஹார்த், வீட்டு அடுப்புக்கும் அதே பேருதான்) சொல்ற அந்த கீழ் பகுதில எதுவுமே எரியறதில்ல. காத்து நுழையற ட்யூயர் அதுக்கு மேல இருக்கு. எரியறது எல்லாம் ட்யூயர் மட்டத்துல. கீழ சும்மா கோக்கு (நிலக்கரிய காத்தில்லாம சுட்டு எடுக்குற கரி) நெறஞ்சு நிக்கும், அதுக்கு நடுவுல உருகின இரும்பு சொட்டு சொட்டா எறங்கி தேங்கும், மேல சிட்டம் மெதக்கும். வீட்டு அடுப்புல எது அடுப்போ அது நெருப்பு இருக்குற எடம். உலைல அது நெருப்புக்கு கீழ இருக்குற தொட்டி.

அதனாலதான் காத்து நின்னா அங்க பயம். புதுசா சூடு வராது, இருக்கறது ஆறும். ஒருக்கா மெல்ட் நடுவுல கரன்ட் போச்சு, ஜெனரேட்டரும் எடுக்கல. டேப் ஹோல்ல (உருகின இரும்பு வெளிய வர்ற ஓட்டை) கம்பிய விட்டு குத்துறோம், உள்ள கல்லா எறுகி போச்சு. ஆக்சிஜன் லான்ஸ் (ஆக்சிஜன் ஊதி எரிக்கிற குழாய்) வச்சு ஓட்டை போட பாத்தாங்க, மேனேஜர் ஒரு பக்கம் கத்துறாரு, கடைசில கீழ கதவ திறந்து எல்லாத்தையும் எறக்கி விட்டோம். கோக்கு, அரைகுறை இரும்பு, மணல் எல்லாம் ஒரே குவியல். அத ட்ரில் போட்டு ஒடச்சு அள்ளுனப்ப என் முதுகு போனது இன்னிக்கும் மழை வந்தா ஞாபகப்படுத்தும்.

பெரிய ப்ளாஸ்ட் பர்னஸ்ல கார்பன் கல்லு அடுக்கி வெளிய தண்ணி ஓட விட்டு அந்த அடித்தளத்த காப்பாத்துவாங்க. ஒரு தடவ பத்த வச்சா 15, 20 வருஷம்கூட அணைக்காம ஓடும், எப்ப நிறுத்தணும்னு பெரும்பாலும் முடிவு பண்றது அந்த அடித்தளத்தோட தேய்மானம்தான்.

ஜனவரி 21

யாழ்ப்பாண நண்பர் சமனலவெவ பத்தி சொன்னதுக்கு நன்றி, மத்தவங்களுக்காக விரிக்கிறேன். இலங்கைல பலாங்கொடை பக்கம் மேற்கு பாத்த மலைச்சரிவுல வரிசையா இரும்பு உலைங்க, துருத்தியே இல்லாம தென்மேற்கு பருவக்காத்துலயே ஓடுனது. கில் ஜூலெஃப்னு ஆய்வாளர் அதே மாதிரி உலை கட்டி ஓட்டி காட்டி 1996ல எழுதினாங்க. அதுக்கு முன்னாடி வெறும் காத்துல இரும்பு எடுக்க முடியாதுன்னு பலபேர் நெனச்சிருந்தாங்க. காத்து முன்சுவரு உச்சில மோதி தாண்டும்போது அங்க அழுத்தம் கொறஞ்சு, கீழ குழாய் வழியா காத்த தானா உள்ள இழுத்துக்கும்.

அங்க காத்து இனாம். நம்ம பக்கம் மனுஷன் மிதிக்கணும். சங்கப் பாட்டு ஒண்ணுல ஏழு ஊருக்கு பொதுவா ஒரு ஊர்ல இருந்த உலையோட மிதி துருத்தி வருது, ஓய்வே இல்லாம மிதி வாங்குதாம், தலைவி மனசு அந்த பாடு படுதாம். ஏழு ஊர் ஆர்டர எடுத்து வச்சிருந்த அந்த கொல்லர நெனச்சா எனக்கு எங்க டெஸ்பாட்ச் செக்ஷன் ஞாபகம் வருது.

ஜனவரி 23

புகையில்லா அடுப்பு பத்தி கேட்டவங்களுக்கு. 1980கள்ல அரசாங்கம் நாடு முழுக்க குடுத்துச்சு, சிமெண்ட் குழாய் வச்சது. எங்க அம்மாயி வீட்லயும் கட்டுனாங்க. எரிபொருள் நெஜமாவே கொறஞ்சுது, புகையும் கொறஞ்சுது. ஆனா ரெண்டாவது குழிக்கு சரியான பாத்திரம் வைக்கலன்னா அந்த வழியாவே புகை வரும், குழாய்ல கரி அடைச்சா எடுக்க ஆள் இல்ல, அடுப்புக்கு மேல தொங்க விட்ட விதை சோளத்துல வண்டு வந்துடுச்சு. ஓலை கூரையும் புகை இல்லாம பூச்சி அரிச்சுது. அம்மாயி ஒரு பருவம் பாத்துட்டு பழைய கொடி அடுப்புக்கே போயிட்டாங்க. குத்தம் சொல்ல மாட்டேன், ஆனா அவங்களுக்கு கடைசி காலத்துல இருந்த இருமலும் எனக்கு ஞாபகம் இருக்கு. கேஸ் வந்ததுதான் நல்லது, அதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்ல.

இப்ப வீட்ல இண்டக்ஷன் ஸ்டவ், பவுண்டரிலயும் இண்டக்ஷன் பர்னஸ். ரெண்டுலயும் காயில்தான், ரெண்டுலயும் பாத்திரமோ இரும்போ தானே சூடாகுது. நெருப்பே இல்ல. வாயுவும் இல்லாததால துருப்பிடிச்ச ஸ்கிராப் போட்டா துரு இரும்பா மாறாது, சிட்டமாத்தான் போகும், கார்பனும் தனியா பொடியா வாங்கி போடணும். குப்போலால இதெல்லாம் கோக்கு பாத்துக்கும்.

ஜனவரி 24

பரங்கிப்பேட்டை இரும்பு ஆலை பத்தி ஒரு வரி மட்டும். ஜோசியா மார்ஷல் ஹீத் 1830கள்ல சேலம் தாதுவ வச்சு இங்கிலீஷ் பாணி உலை போட்டாரு. தாது தரம், கரியில உருக்குன இரும்பும் தரம். மாட்டிக்கிட்டது கரிலதான். உலை பெருசானா காடு பத்தல, தூரத்துல இருந்து கொண்டு வரணும். இங்கிலாந்துல 1709லயே டார்பிங்கற இரும்பு ஆலைக்காரர் கோக்குக்கு மாறிட்டாரு, நம்ம சேலத்துல இரும்புக்கல்லு மலையா இருந்தும் பக்கத்துல நிலக்கரி இல்ல. நெய்வேலி இருக்கேன்னு யாரும் வராதீங்க, அது பழுப்பு நிலக்கரி, கோக்கு ஆகாது.

பிப்ரவரி 2

தம்பி போட்டோ போட்டிருக்கான். குழி ஆழம் நல்லாருக்கு, கரி நல்ல கருவேலங்கரி, சபாஷ். திருத்தம் சொல்றேன்.

ஆத்து கல்லு வச்சு கட்டிருக்க, எடுத்துடு. உள்ள ஈரம் இருந்தா சூட்டுல தெறிக்கும், கண்ணு போயிடும். பழைய ஐஎஸ் 8 பயர் பிரிக் (சூடு தாங்குற செங்கல்) ஸ்கிராப் கடைல கெடைக்கும். களிமண் பூசினா நாலு நாள் நிழல்ல காய விட்டு, சின்ன நெருப்புல ஆரம்பி. மூக்குக்கு மேல ஒரு சாண் கரி எப்பவும் நிக்கணும், ப்ளோயருக்கு ஸ்பீடு கண்ட்ரோல் போடு.

இரும்பு எதுன்னு கேட்டிருக்க. கட்டட கம்பி வேண்டாம், பழைய லாரி ஸ்பிரிங் பட்டை எடு. காந்தம் ஒட்டாத சூட்டுக்கு மேல இன்னும் கொஞ்சம் போய் எண்ணெய்ல முக்கு, தண்ணில முக்குனா விரிசல் விடும். முக்குனதோட விட்டா கண்ணாடியா ஒடையும், அப்புறமா இளம் மஞ்சள் நெறம் ஓடற வரைக்கும் லேசா சூடு காட்டணும்.

கடைசியா, மூக்குக்கு ஜிஐ பைப் சொருகிருக்க பாரு, அத இன்னிக்கே கழட்டு. மேல இருக்குறது துத்தநாகம், 907 டிகிரில கொதிச்சு வெள்ளை புகையா வரும், ராத்திரி குளிர் காய்ச்சல் வந்து படுப்ப. பூச்சு இல்லாத கருப்பு பைப் வாங்கிட்டு வந்து மாத்திட்டு போட்டோ போடு.